எடுத்து ஒட்டிய கோட் உங்கள் போனில் மட்டும் ஏன் சரியாக ஓடுகிறது?

2010-இல், நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் சின்னதாக ஒரு ஜாவா துணுக்கு எழுதினார். பைட் கணக்கில் ஓர் எண்ணைக் கொடுத்தால் '1.5 மெகாபைட்' என்று படிக்கத் தோதாக மாற்றித் தரும். அவ்வளவுதான். பின்னாளில் கிட்ஹப்பில் உள்ள ஜாவா நிரல்களை ஆய்வாளர்கள் அலசியபோது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து அதிகம் நகலெடுக்கப்பட்டிருந்த துணுக்கு இதுதான் என்று தெரியவந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் அது உட்கார்ந்திருந்தது. 2019-இல் எழுதியவரே அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். 9,99,999 பைட்டைக் கொடுத்தால் '1.0 மெகாபைட்' என்று வராமல் '1000.0 கிலோபைட்' என்று வந்தது. எந்த அலகில் காட்டுவது என்று முடிவு செய்த பிறகுதான் எண்ணை முழுமையாக்குகிறது, அதனால் வந்த பிழை. ஒன்பது ஆண்டுகள் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தும் அது திருத்தப்படாமலே இருந்தது.

இந்தப் பிழையால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் மொபைல் ஆப் எழுதுபவர்களைக் குழப்பும் ஒரு கேள்விக்கு இங்கேதான் நூல் பிடிக்க முடியும்: என் போனில் ஓடுகிற கோட் பயனர் போனில் ஏன் தொங்குகிறது? துணுக்கு என்பது கேள்வியிலிருந்து பிய்த்தெடுத்த பதில். எந்த த்ரெட்டில் ஓடும், எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், எவ்வளவு பெரிய தரவு வரும் என்று எழுதியவர் மனதில் சில அனுமானங்கள் இருந்திருக்கும். ஒட்டும்போது அவை கூட வருவதில்லை. ஏஐ எழுதித் தரும் துணுக்குக்கும் இது பொருந்தும். அது இன்னும் வேகமாகத் தரும் என்பது மட்டுமே வித்தியாசம்.

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், ஃப்ளட்டர் என்று வாசகர்கள் பல திசையில் இருப்பார்கள் என்பதால், மாதிரிகளைப் போலி நிரலாகத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

எந்த த்ரெட்டில் ஓடுகிறது?

த்ரெட் என்பது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டுபோகும் ஓர் ஓட்டம். ஒவ்வொரு ஆப்பிலும் மெயின் த்ரெட் என்று ஒன்று உண்டு. திரையை வரைவதும் விரல் தொடுதலை வாங்குவதும் அதன் பொறுப்பு. அந்த த்ரெட் வேறு வேலையில் இருந்தால் திரை அப்படியே நிற்கும்.

அதற்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

1. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால், ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடி.
2. 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் 8.3 மில்லி விநாடி.
3. ஆண்ட்ராய்டில் தொடுதலுக்கு 5 விநாடி பதில் இல்லாவிட்டால், 'ஆப் பதிலளிக்கவில்லை' என்ற பெட்டி வரும்.

ஐஓஎஸ் பெட்டியெல்லாம் காட்டாது. ஆப் திறக்கும்போதே மெயின் த்ரெட் மாட்டிக்கொண்டால், தொங்கும் ஆப்களைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் என்ற காவலன் ஆப்பைக் கொன்றுவிடும். அந்த கிராஷ் அறிக்கையில் வரும் பதினாறடிமான எண்ணை எழுத்துக் கூட்டினால் 'ஏட் பேட் ஃபுட்', அதாவது கெட்டுப்போனதைத் தின்றுவிட்டது என்று வரும். ஆப்பிள் பொறியாளர்களின் குறும்பு.

இணையத்தில் அடிக்கடி கிடைக்கும் வடிவம் இப்படி இருக்கும்:

பட்டனைத் தொட்டால்:
    உரை = கோப்பைப்_படி("ஆர்டர்கள்")
    பட்டியல் = உரையைப்_பிரி(உரை)
    திரையில்_காட்டு(பட்டியல்)

பத்து ஆர்டர் உள்ள சோதனைக் கோப்பில் இது கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடும். ஐயாயிரம் ஆர்டர் உள்ள பயனரிடம், பழைய போனில், திரை உறையும். ஆண்ட்ராய்டு 3.0 முதல், அதாவது 2011 முதல், மெயின் த்ரெட்டில் நெட்வொர்க் அழைப்பு வைத்தால் சிஸ்டமே எக்ஸெப்ஷன் எறிகிறது. அதனால் அந்தத் தவறு உடனே பிடிபடும். கோப்பு படிப்பது, ஜேசன் என்ற உரை வடிவத் தரவைப் பிரிப்பது, பட்டியலை வரிசைப்படுத்துவது ஆகியவற்றுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை.

சரி, ஃபங்ஷனுக்கு முன்னால் 'ஏசிங்க்' என்ற குறிச்சொல்லைப் போட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். ஏசிங்க் என்றால் வேறு த்ரெட் என்று பொருள் இல்லை. காத்திருக்கும்போது அது வழிவிடும். கணக்குப் போடும்போது வழிவிடாது. ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் ஏசிங்க் ஃபங்ஷன் அதே ஐசொலேட்டில்தான், அதாவது அதே தனி ஓட்டத்தில்தான் ஓடும். காட்லினில் ஒரு ஃபங்ஷனுக்கு 'சஸ்பெண்ட்' என்று பட்டம் கட்டியதாலேயே அது மெயின் த்ரெட்டை விட்டு நகராது. எந்த த்ரெட்டில் ஓடுவது என்று தீர்மானிக்கும் டிஸ்பேச்சரை நீங்கள்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஸ்விஃப்டில் மெயின் ஆக்டருக்குள், அதாவது மெயின் த்ரெட்டில் ஓடும் பகுதிக்குள் நின்று ஒரு டாஸ்க்கைத் தொடங்கினால், அதுவும் மெயின் ஆக்டரிலேயே தொடங்கும். எனவே திருத்திய வடிவம்:

பட்டனைத் தொட்டால்:
    பட்டியல் = பின்னணி_த்ரெட்டில் முடியும்வரை காத்திரு:
        உரையைப்_பிரி( கோப்பைப்_படி("ஆர்டர்கள்") )
    திரையில்_காட்டு(பட்டியல்)

கடைசி வரி பின்னணிக்குள் போகக் கூடாது. திரையில் உள்ளதைத் தொடும் உரிமை மெயின் த்ரெட்டுக்கு மட்டுமே.

காத்திருந்த நேரத்தில் திரை செத்துப்போனால்?

மேலே உள்ள திருத்தத்தில் புதிதாக ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. பின்னணி வேலை முடிய மூன்று விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பயனர் போனைத் திருப்பினால், ஆண்ட்ராய்டு இயல்பாகவே பழைய ஆக்டிவிட்டியை (ஆண்ட்ராய்டில் ஒரு திரைக்கான பெயர்) அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். வேலை முடிந்து வந்த பட்டியல், இல்லாத திரையின் கதவைத் தட்டும். சில சமயம் கிராஷ் ஆகும். சில சமயம் ஒன்றும் நடக்காது. ஆனால் பின்னணி வேலை பழைய திரையைப் பிடித்துக்கொண்டே இருப்பதால், அந்தத் திரையும் அதிலுள்ள படங்களும் மெமரியை விட்டுப் போகாது. மெமரி லீக் என்பது பெரும்பாலும் இதுதான்.

ஒரு திரைக்கு மூன்று விதமான சாவு உண்டு. பல துணுக்குகள் முதலாவதை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன.

1. திரை மட்டும் மறுபடி பிறப்பது. போனைத் திருப்புவது, டார்க் மோடுக்கு மாறுவது, மொழியையோ எழுத்தளவையோ மாற்றுவது. திரைக்கான தரவைத் தனியாக வைத்திருக்கும் வியூமாடலில் வைத்தது இதைத் தாண்டி நிற்கும்.
2. ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பை, அதாவது ப்ராசஸையே, சிஸ்டம் கொல்வது. உங்கள் ஆப் பின்னணியில் இருக்கிறது, பயனர் கேமராவைத் திறக்கிறார், மெமரி போதவில்லை. இதில் வியூமாடலும் போய்விடும். சிஸ்டம் நமக்காகப் பத்திரப்படுத்தும் சிறு குறிப்பான 'சேவ்டு ஸ்டேட்'டில் எழுதியதும், கோப்பு, டேட்டாபேஸில் எழுதியதும் மட்டுமே மிஞ்சும்.
3. பயனரே தள்ளிவிடுவது. சமீபத்திய ஆப் பட்டியலிலிருந்து ஒதுக்கிவிட்டால் சேவ்டு ஸ்டேட்டும் கிடையாது. கோப்பிலோ டேட்டாபேஸிலோ எழுதியதுதான் மிச்சம்.

இரண்டாவதற்குப் பயந்து மொத்தப் பட்டியலையும் சேவ்டு ஸ்டேட்டில் திணித்தால் வேறு வம்பு. ப்ராசஸ்களுக்கு நடுவே தரவைக் கடத்தும் பைண்டரின் இடம் சுமார் 1 மெகாபைட்தான். அதிலும் ஒரே சமயத்தில் நடக்கும் எல்லாக் கடத்தலும் பங்கு போட்டுக்கொள்ளும். மீறினால் ஆப் விழும். அதனால் 'எந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்' என்ற எண்ணை மட்டும் அங்கே வைத்து, மற்றதை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக்கொள்வதே முறை.

திரையை நெடுவாக்கில் பூட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. போனைத் திருப்புவது மட்டும்தான் நிற்கும். டார்க் மோடு, ப்ராசஸ் சாவு இரண்டும் அப்படியே இருக்கும். போதாதற்கு, 2025-இல் வந்த ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்த ஆப்களில், டேப்லெட் போன்ற பெரிய திரைகளில் அந்தப் பூட்டை சிஸ்டம் இயல்பாகவே கண்டுகொள்வதில்லை.

இதைச் சோதிக்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஆக்டிவிட்டிகளை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, ஆப்பில் பாதி படிவத்தை நிரப்பி, வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பி வந்து பாருங்கள். நிரப்பியது இருக்கிறதா?

ஐஓஎஸில் போனைத் திருப்பினால் திரை அழிவதில்லை. ஆனால் பின்னணி ஆப்பைக் கொல்லும் வழக்கம் அங்கும் உண்டு. அப்புறம் அங்கே ரீடெயின் சைக்கிள் தொல்லை: திரை க்ளோஷரை (பிறகு ஓட்டுவதற்காகக் கையில் கொடுக்கும் கோட் துண்டு) பிடித்திருக்கும், க்ளோஷர் திரையைப் பிடித்திருக்கும், இரண்டும் விடாது. திரையை இறுக்கிப் பிடிக்காதே என்று க்ளோஷரிடம் சொல்லும் 'வீக் செல்ஃப்' அதற்கான மருந்துதான். ஆனால் கண்ட இடத்தில் எல்லாம் அதைப் போடுவது வெறும் சடங்காகிவிட்டது. உடனே ஓடி முடிந்துவிடும் க்ளோஷருக்கு அது தேவையே இல்லை. எங்காவது சேமித்து வைக்கப்படும் க்ளோஷருக்குத்தான் அது வேண்டும்.

3 மெகாபைட் படம் 48 மெகாபைட் ஆவது எப்படி?

போன் கேமரா எடுத்த 12 மெகாபிக்சல் படம், கோப்பாக இருக்கும்போது மூன்று நான்கு மெகாபைட்தான். ஜேபெக் அதைச் சுருக்கி வைத்திருக்கிறது. திரையில் காட்ட வேண்டுமானால் விரித்தாக வேண்டும். 4000 × 3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட். மொத்தம் 48 மெகாபைட். அதைத் திரையில் 400 × 300 பிக்சல் கட்டத்தில் காட்டினாலும் மெமரியில் பிடிக்கும் இடம் அதே 48 தான். திரையில் அப்படி இருபது கட்டங்கள் இருந்தால் கிட்டத்தட்ட 1 ஜிகாபைட்.

'படத்தைச் சிறிதாக்கும் கோட்' என்று கிடைக்கும் பல துணுக்குகள், முழுப் படத்தையும் விரித்த பிறகே சிறிதாக்குகின்றன. செலவு அதற்குள் நடந்து முடிந்துவிடும். சரியான வரிசை:

1. கோப்பின் தலைப்பகுதியை மட்டும் படித்து நீள அகலத்தைத் தெரிந்துகொள்வது. இதற்குப் படத்தை விரிக்க வேண்டியதில்லை.
2. காட்டப்போகும் கட்டத்தைவிடச் சிறிதாகாத அளவுக்கு 2, 4, 8 என்ற மடங்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இங்கே 8.
3. அந்த மடங்கில் குறைத்தே விரிப்பது. 500 × 375 பிக்சல் வரும். பிடிக்கும் இடம் 7,50,000 பைட். அறுபத்து நாலில் ஒரு பங்கு.

ஆண்ட்ராய்டில் கிளைட், காயில் போன்ற லைப்ரரிகள் இதைத் தாமே செய்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் சொந்தமாக எழுதுவதைவிட அவற்றைப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். பட்டியலை வேகமாக உருட்டும்போது ஒரு வரிசையின் படம் இன்னொரு வரிசையில் வந்து உட்காரும் பிழையையும் அவை பார்த்துக்கொள்கின்றன. வரிசைக் கட்டங்கள் மறுபயன்பாட்டுக்குப் போவதால் வரும் பிழை அது: நீங்கள் கேட்ட படம் வந்து சேர்வதற்குள் கட்டம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

விடை வராத நெட்வொர்க்

அலுவலக வைஃபையில் எழுதிய நெட்வொர்க் கோடுக்கு இரண்டே முடிவுதான் தெரியும்: வெற்றி, தோல்வி. மொபைலில் மூன்றாவதாக ஒன்று உண்டு: என்ன ஆனது என்றே தெரியாமல் போவது. கோரிக்கை சர்வரைச் சேர்ந்துவிட்டது, ஆர்டர் பதிவாகிவிட்டது, பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்துவிட்டது. ஆப் 'தோல்வி' என்று காட்டுகிறது. பயனர் மறுபடி அழுத்துகிறார். இரண்டு ஆர்டர்.

பட்டனை முதல் தொடுதலிலேயே முடக்கிவிடுவது நல்லதுதான். ஆனால் அது இரட்டைத் தொடுதலை மட்டுமே தடுக்கும். அறுந்த இணைப்புக்கு, கோரிக்கையோடு ஒரு தனி அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால், சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரும்.

எண் = புதிய_தனி_எண்()
வட்டில்_எழுது(எண்)
முயற்சி 1 முதல் 4 வரை:
    விடை = அனுப்பு(ஆர்டர், எண், நேர_வரம்பு = 10 விநாடி)
    விடை வந்தால்: அதைத் திருப்பித் தா
    காத்திரு(1, 2, 4 விநாடி என இரட்டிப்பாக + சிறிது தற்செயல் நேரம்)

இதில் கவனிக்க மூன்று இடங்கள்.

1. எண் சுற்றுக்கு வெளியே உருவாகிறது. உள்ளே போட்டால் ஒவ்வொரு முயற்சியும் புது ஆர்டர் ஆகிவிடும். வட்டில் எழுதுவது ஏன் என்றால், நடுவில் ப்ராசஸ் செத்துப் பிழைத்தாலும் அதே எண் வேண்டும்.
2. தற்செயல் நேரம் அலங்காரத்துக்கு இல்லை. சர்வர் ஒரு நிமிடம் விழுந்து எழுந்தால், எல்லாப் போன்களும் ஒரே நொடியில் திரும்ப வந்து அதை மறுபடி சாய்த்துவிடும்.
3. நேர வரம்பை நீங்களே சொல்ல வேண்டும். இயல்பு மதிப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஆண்ட்ராய்டில் பரவலாகப் பயன்படும் ஓகேஎச்டிடிபி லைப்ரரியில் இணைக்க, படிக்க, எழுதத் தலா 10 விநாடி. ஐஓஎஸின் யுஆர்எல்செஷனில் 60 விநாடி. ஜாவாவின் பழைய எச்டிடிபியுஆர்எல்கனெக்ஷனில் வரம்பே கிடையாது, காத்துக்கொண்டே இருக்கும்.

விடையே 'உன் கோரிக்கை தவறு' என்று, 400 வரிசைக் குறியீட்டோடு வந்தால் மறுமுயற்சி பெரும்பாலும் வீண். 408 (நேரம் கடந்துவிட்டது), 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) இரண்டும் விதிவிலக்கு.

ஒற்றை வரிக் கண்ணிகள்

மேலே பார்த்தவை அமைப்பு சார்ந்தவை. ஒரே வரியில் ஒளிந்திருப்பவையும் உண்டு.

*30 நாள் கழித்து.* நாள் × 24 × 60 × 60 × 1000 என்று பெருக்கி மில்லி விநாடியாக்கும் துணுக்கு. ஜாவாவிலும் காட்லினிலும் இன்ட் என்பது 32 பிட். அதில் சுமார் 214 கோடியே 74 லட்சம் வரைதான் அடங்கும். 30 நாள் என்பது 259 கோடியே 20 லட்சம் மில்லி விநாடி. எண் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். 30 நாள் கழித்து முடிய வேண்டிய சந்தா, கிட்டத்தட்ட 20 நாளுக்கு முன்பே முடிந்ததாகக் காட்டும். 7 நாளுக்குச் சோதித்தால் சரியாக வரும். 24 நாள் வரையும் சரி. 25-இல் உடையும். நாள் எண்ணிக்கையை முதலிலேயே லாங்காக (64 பிட் முழு எண்) மாற்றிக்கொண்டு பெருக்கினால் தீர்ந்தது. ஸ்விஃப்டில் இன்றைய ஐபோன்களில் இன்ட் 64 பிட் என்பதால் இது வராது.

*ஆண்டைக் காட்டும் எழுத்து.* தேதி வடிவத்தில் சிறிய 'ஒய்' நான்கு முறை வந்தால் நாட்காட்டி ஆண்டு. பெரிய 'ஒய்' என்றால், அந்த வாரம் சேரும் ஆண்டு. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். 2024 டிசம்பர் 31 அன்று பெரிய 'ஒய்' போட்ட ஆப்பில் 2025 டிசம்பர் 31 என்று வரும். ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஜனவரியில் தானாகவே மறைந்துவிடும் பிழை என்பதால் பலர் தேடிப் பிடிப்பதே இல்லை.

*எழுத்து எண்ணிக்கை.* 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? நமக்கு மூன்று எழுத்து. காட்லின் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஸ்விஃப்ட் 3 என்று சொல்லும். யுடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் 15. பெயரை 'முதல் நான்கு எழுத்தோடு வெட்டு' என்ற துணுக்கு காட்லினில் 'தமிழ' என்று புள்ளியைத் தின்றுவிடும். ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதித்த ஆப்களில் நம் பெயர்கள் கால் உடைந்து நிற்பது இதனால்தான். வெட்டும் வேலையை எழுத்துக்கொத்து அறிந்த ஃபங்ஷனிடம் கொடுக்க வேண்டும்; ஜாவாவில் பிரேக்இட்டரேட்டர் இருக்கிறது.

*பணம்.* டபுள் என்ற தசம எண் வகையில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004. பணத்தைச் சில்லறை அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிழையை மறைக்கும் துணுக்கு

கடைசியாக, எல்லாவற்றிலும் ஆபத்தான ஒன்று. சோதனை சர்வரோடு இணையும்போது 'சான்றிதழ் நம்பத்தக்கதல்ல' என்று பிழை வருகிறது. தேடினால், எந்தச் சான்றிதழ் வந்தாலும் சரி என்று தலையாட்டும் பத்து வரிக் கோட் கிடைக்கும். ஒட்டியதும் பிழை போய்விடும். எச்டிடிபிஎஸ் தரும் பாதுகாப்பும் கூடவே போய்விடும்: நடுவில் எவரும் தன் சான்றிதழைக் காட்டி, கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் படிக்கலாம். ஜெர்மனியின் ஹனோவர், மார்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் 13,500 இலவச ஆண்ட்ராய்டு ஆப்களை அலசினார்கள். இப்படிப்பட்ட தாக்குதலுக்கு இடம் கொடுக்கக்கூடிய கோட் 1,074 ஆப்களில் இருந்தது.

'வெளியிடும் முன் எடுத்துவிடலாம்' என்றுதான் எல்லோரும் ஒட்டுவார்கள். எடுக்க மறந்தால் நினைவூட்ட எதுவும் இல்லை. ஆப் நன்றாகவே ஓடும். ஆண்ட்ராய்டு 7.0 முதல் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. நெட்வொர்க் செக்யூரிட்டி கன்ஃபிக் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில், 'டீபக்-ஓவர்ரைட்ஸ்' என்ற பகுதிக்குள் சோதனை சர்வரின் சான்றிதழைக் குறிப்பிடலாம். சோதனைக்காக எடுக்கும் டீபக் பில்டில் மட்டும் அது செல்லும். அதே கோப்போடு பயனர்களுக்கான ரிலீஸ் பில்டை எடுத்தாலும், சிஸ்டம் அந்தப் பகுதியைப் பொருட்படுத்தாது.